காலி வண்டியில் மட்டும் அடியிலிருந்து வரும் சத்தம்: கிரவுன் பினியனா, புரொபெல்லர் ஷாஃப்டா?

காங்கயம் களத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளிலிருந்து காங்கயத்துக் கொப்பரைக் களங்களுக்குத் தேங்காய் ஏற்றி வரும் ஒன்றரை டன் பிக்கப் ஒன்று என்னிடம் உள்ளது. டீசல் வண்டி, பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சில மாதங்களாக வண்டியின் அடியிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. லோடு ஏற்றிப் பல்லடம் வழியாக வரும்போது ஒன்றும் கேட்பதில்லை. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் "கூம்" என்று ஆரம்பித்து, 50-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போய், 60-க்கு மேல் மெல்ல அடங்குகிறது. காதில் கேட்பதைவிட உட்காரும் சீட்டிலும் கியர் ராடிலும் அதிர்வாகத்தான் அதிகம் தெரிகிறது. இதுபோக, நின்ற இடத்திலிருந்து கிளட்சை விட்டு வண்டியை எடுக்கும்போது "டொக்" என்று ஒரே ஒரு அடி விழுகிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். பின்சக்கர பேரிங் என்று சொல்லி மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது பின் அச்சுக்குள் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது பெரிய செலவு என்பதாலும், காலி வண்டியில் மட்டும் ஏன் சத்தம் வருகிறது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதாலும் இங்கே கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பவானி பட்டறை

வணக்கம் தம்பி. கிரவுன் பினியனில் கை வைக்கச் சொல்லாதீர்கள். சத்தம் எதைத் தொடர்ந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. எஞ்சின் சுற்றும் வேகத்தைத் தொடர்கிறதா, வண்டி ஓடும் வேகத்தைத் தொடர்கிறதா, ஆக்ஸிலேட்டரை மிதிப்பதையும் விடுவதையும் தொடர்கிறதா என்பவற்றை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஸ்பேனர் எதுவும் தேவையில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமதளச் சாலை இருந்தால் போதும்.

நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து எஞ்சினை மெல்ல ஏற்றி இறக்குங்கள். அதே "கூம்" அங்கேயே வந்தால் எஞ்சின் மவுண்டிங், சைலன்சர் தொங்கும் ரப்பர், வெப்பத் தடுப்புத் தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அங்கே வரவில்லையென்றால் 45 கிலோமீட்டர் வேகத்தை மூன்றாவது கியரிலும் பிறகு நான்காவது கியரிலும் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் எஞ்சின் சுற்றும் வேகம் வேறு. சாலையில் ஓடும் வேகம் ஒன்று. சத்தம் மாறாவிட்டால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு 55-இல் நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக்குக்கு வேக்யூம் உதவியும் ஸ்டியரிங்குக்குப் பவர் உதவியும் போய்விடும். இறக்கத்திலும் இதைச் செய்ய வேண்டாம். உருளும்போதும் சத்தம் தொடர்கிறதா, ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் குரல் மாறுகிறதா என்று கவனித்து எழுதுங்கள். கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் "ஙொய்" என்று மெல்லிய, உயர்ந்த குரலில் பாடும். மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறொரு குரல். சீட்டை அதிரச் செய்வது அதன் இயல்பு அல்ல.

சங்ககிரி ஓட்டுநர்

பட்டறை அண்ணன் சொன்ன சோதனைகளுடன் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலமான சாலையில் அதே வேகத்தில் மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மாற்றிவிட்டார்கள் என்பதற்காக மறுபக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தாலும் இப்படிக் "கூம்" என்று கேட்கும். ஆனால் அந்தச் சத்தம் புதுத் தார்ச் சாலையில் ஒரு மாதிரியும் சொரசொரப்பான சாலையில் வேறு மாதிரியும் இருக்கும்.

கோவை தொழிற்பயிற்சி ஆசிரியர்

சங்ககிரி நண்பர் சொன்ன வளைவுச் சோதனை சரியானது, செய்து பார்க்கட்டும். ஆனால் கேள்வி கேட்டவர் கொடுத்த முதல் தகவலே பேரிங்குக்கு எதிராக இருக்கிறது. தேய்ந்த சக்கர பேரிங் பாரம் ஏறினால் அதிகமாகக் கத்துமே தவிர வாய் மூடாது. லோடு ஏற்றினால் அடங்கும் சத்தம் என்றால், லோடு ஏற்றும்போது வண்டியின் அடியில் எது இடம் மாறுகிறது என்று கேட்க வேண்டும். ஸ்பிரிங் தாழ்கிறது, வண்டியின் சட்டம் (சேசிஸ்) அச்சை நோக்கி இறங்குகிறது, அதனால் கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறுகிறது. என் கவனம் அங்கேதான் போகிறது.

வேகக் கணக்கும் பொருந்துகிறது. 15 அங்குல ரிம்மில் 215/75 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். 50 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஆறு முறைக்குச் சற்று அதிகமாகத்தான் சுற்றுகிறது. பின் அச்சின் பல் விகிதம் 4.3, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.3 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்கு 27 முறை சுற்றும். சக்கரத்தில் கோளாறு என்றால் உடம்பு அந்த ஆறு அசைவுகளைத் தனித்தனி ஆட்டமாக உணரும். அவர் சொல்வதோ எண்ண முடியாத, ஒரே தொடர்ச்சியான "கூம்". அது ஷாஃப்டின் வேகத்தில் அல்லது அதைப்போல் இரண்டு மடங்கில் பிறக்கும் அதிர்வு. அவருடைய வண்டியின் டயர் அளவும் பல் விகிதமும் சற்று வேறாக இருந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது.

காங்கயம் களத்துக்காரர்

மூவருக்கும் நன்றி. ஊதியூர்ப் பக்கம் காலைநேரத்தில் சாலை காலியாக இருக்கும்போது பார்த்தேன். நின்ற இடத்தில் எஞ்சினை ஏற்றினால் சத்தம் இல்லை. மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் ஒரே மாதிரி வருகிறது. நியூட்ரலில் உருளும்போது சற்றுக் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. வளைத்துப் பார்த்ததில் எந்த மாற்றமும் இல்லை. சாலை மாறினாலும் மாறவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. போன வருடம் தேங்காய் சீசனுக்கு முன்பு பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகப் போட்டு, வளைவையும் சற்று ஏற்றிக் கட்டினோம். இதற்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்குமா?

பவானி பட்டறை

நிச்சயமாக இருக்கும் தம்பி. நீண்ட சட்டம் கொண்ட பிக்கப்புகளில் புரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக வரும். முன்துண்டு கியர் பாக்ஸிலிருந்து புறப்பட்டு, சட்டத்தின் குறுக்குக் கம்பியில் தொங்கும் சென்டர் பேரிங் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து பின்துண்டு, கிரவுன் பினியன் இருக்கும் பின் அச்சு ஹவுசிங்குக்குப் போகிறது. சென்டர் பேரிங்கைச் சுற்றி ஒரு தடித்த ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் அதிர்வைச் சட்டத்துக்குப் போகவிடாமல் தாங்குகிறது. பட்டை ஏற்றியதும் காலி வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்க, சட்டம் மட்டும் மேலே போவதால் பின்துண்டு முன்பைவிடச் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். லோடு ஏறினால் பழைய சாய்வுக்குத் திரும்பிவிடும். உங்களுடைய சத்தம் லோடில் அடங்குவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"டொக்" என்ற அடி வேறு கணக்கு. ஷாஃப்டை மடங்கும்படி இணைக்கும் கிராஸ் ஜாயிண்டின் கப்பில் (கிராஸின் நுனிகளைத் தாங்கும் ஊசி பேரிங் குப்பி) ஆட்டம் வந்தாலோ, நீண்டு சுருங்கும் பல்வரி இணைப்பான ஸ்பிளைன் காய்ந்து தேய்ந்தாலோ, ஷாஃப்ட் முறுக்கை வாங்கும் கணத்தில் அந்த இடைவெளி மூடிக்கொண்டு அப்படி ஒலிக்கும். இரண்டு சத்தத்துக்கும் ஒரே காரணத்தைத் தேடினால் வழி தவறிவிடும்.

கோவை தொழிற்பயிற்சி ஆசிரியர்

சாய்வு ஏன் அதிர்வாகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன். இது தெரிந்தால் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோட முடியும்.

கிராஸ் ஜாயிண்ட் நேராக இருக்கும்போது ஒரு பக்கம் சுற்றுகிற வேகத்திலேயே மறுபக்கமும் சுற்றும். கோணத்தில் நின்றால், உள்ளே வருவது சீரான சுற்று. வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தியும் இரண்டு முறை பிந்தியும் ஓடும் சுற்று. 5 பாகைக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் 0.4 சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையானால் 1.5 சதவீதம். கோணம் இரண்டு மடங்கானால் ஏற்ற இறக்கம் நான்கு மடங்காகிறது என்பதை இதில் கவனியுங்கள். ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் அதே அளவு கோணத்தில், சரியான நிலையில் பூட்டப்பட்டிருந்தால் முதல் ஜாயிண்ட் செய்ததை அது திருப்பிச் செய்து சமன் செய்துவிடும். நடு ஜாயிண்டின் கோணமும் ஹவுசிங் பக்கத்து ஜாயிண்டின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் மிச்சம் நிற்பது அதிர்வுதான். அதுதான் ஷாஃப்ட் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில், அதாவது 50 கிலோமீட்டரில் நொடிக்கு 54 முறை அளவில், உங்கள் சீட்டுக்கு வந்து சேர்கிறது.

இருந்தாலும் பட்டையின் மேல் மட்டும் பழியைப் போட நான் தயாராக இல்லை. நல்ல நிலையில் உள்ள சென்டர் பேரிங் ரப்பர் ஓரளவு கோண வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். பட்டை போட்டது போன வருடம். சத்தம் வந்தது சில மாதங்களாக. இடையில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்க வேண்டும். கழற்றாமலே அடியில் புகுந்து பார்க்கலாம். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, அச்சுக் குழாயின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சட்டத்தில் முட்டுக் கொடுத்து அச்சைத் தொங்கவிட்டும் பார்க்கக் கூடாது. அச்சு தொங்கினால் ஷாஃப்ட் சாலையில் ஒருபோதும் வராத கோணத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டிக் காட்டினால் நல்ல ஷாஃப்டும் சத்தம் போடும். கிரவுன் பினியன் போய்விட்டது என்று இப்படித் தொங்கவிட்டுக் காட்டி நம்பவைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, ஒவ்வொரு ஜாயிண்டிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான இரு பக்கத்து யோக்குகளையும் இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். ஒன்று அசைந்த பிறகு மற்றொன்று அசைந்தால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக நகர்ந்து, ஹவுசிங் முகப்பில் ஷாஃப்டைப் பூட்டும் தட்டான பிளாஞ்ச் மட்டும் சிறிது முன்னும் பின்னும் திரும்பினால் அது கிரவுன் பினியனின் பல்லிடைவெளி. கொஞ்சம் இருப்பது இயல்பு. கப்புகளின் விளிம்பில் செங்காவி நிறத் தூள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் காய்ந்த ஊசி பேரிங் அரைபட்டு வெளியே தள்ளும் துருதான் அது. சென்டர் பேரிங்குக்கு அருகில் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள்.

காங்கயம் களத்துக்காரர்

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து நீங்கள் சொன்னபடியே அச்சில் ஸ்டாண்டு கொடுத்துப் பார்த்தோம். நடு ஜாயிண்டின் ஒரு கப் விளிம்பில் செம்மண் மாதிரி தூள் படிந்திருந்தது. தடவியதும் விரலில் ஒட்டியது. அந்த ஜாயிண்டைத் திருகியபோது லேசான "கிளிக்" கேட்டது. மற்ற ஜாயிண்டுகள் இறுக்கமாக இருந்தன. சென்டர் பேரிங் ரப்பரின் கீழ்ப்பாதி, உலோக வளையத்தை விட்டுப் பிரிந்து, பிளந்த உதடு போலத் தொங்கியது. ஷாஃப்டைத் தூக்கினால் ஒரு விரல் கனத்துக்கு மேலே வருகிறது. சரியாகச் சேர்க்கும் நிலையைக் காட்ட ஸ்பிளைனில் இருக்கும் இரண்டு அம்புக்குறிகளும் நேருக்கு நேராகத்தான் இருந்தன. ஹவுசிங் ஆயிலை வடித்து, வடிப்புத் திருகின் காந்தத்தைப் பார்த்ததில் மை போன்ற நுண்பொடி மட்டும் இருந்தது. துண்டு, சில்லு எதுவும் இல்லை.

பவானி பட்டறை

போதும் தம்பி. கிரவுன் பினியனை மறந்துவிடலாம். பல் உடைந்தாலும் பிய்ந்தாலும் காந்தத்தில் சில்லு காட்டியிருக்கும். குரலும் அப்படி இல்லை. வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். ஷாஃப்டை இறக்குவதற்கு முன்பு பிளாஞ்சிலும் யோக்கிலும் சேர்த்துப் பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப அதே கோட்டில்தான் பூட்ட வேண்டும். ஸ்பிளைனை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் ஆசிரியர் சொன்ன சமன் கெட்டுவிடும். நடு கிராஸையும் சென்டர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டுத் தேய்ந்த கிராஸை விட்டால், அது கொடுக்கும் உதையில் புது ரப்பரும் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

கப்பை அடித்து ஏற்றும்போது உள்ளே ஊசி ஒன்று சரிந்து குறுக்கே விழுந்தால் கப்பைப் பிடிக்கும் லாக் உட்காராது. சுத்தியலால் இன்னும் நாலு அடி போட்டு உட்காரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிட்டுக் கப்பை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பூட்டி முடித்ததும் ஜாயிண்ட் கையில் எல்லாத் திசையிலும் தடையில்லாமல் அசைய வேண்டும். ஸ்பிளைனைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். ஈரோட்டிலும் கோவையிலும் ஷாஃப்ட் பேலன்ஸ் பார்க்கும் லேத் பட்டறைகள் இருக்கின்றன. முழு ஷாஃப்டையும் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. குழாயில் ஒட்டியிருக்கும் சிறு தகடுகள் பேலன்ஸுக்காக வைத்தவை. துரு என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடக் கூடாது.

நாமக்கல் பட்டை வேலை

பட்டை போடுவதே தவறு என்பது போல இங்கே பேச்சு போகிறது. அது நியாயம் அல்ல. எங்கள் ஊரில் லாரிக்கும் பிக்கப்புக்கும் பட்டை கட்டுவது அன்றாட வேலை. கோணம் மாறினால் அதற்கும் வழி இருக்கிறது. பட்டைக்கட்டுக்கும் அச்சுத் திண்டுக்கும் நடுவில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் உள்ள ஆப்புத் தகடு வைத்தால் பினியன் முகப்பின் சாய்வைத் திருத்திவிடலாம்.

கோவை தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஆப்புத் தகடு வழக்கத்தில் உள்ளதுதான். எப்போதும் ஒரே பாரத்தில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். இவருடைய வண்டி போகும்போது காலி, வரும்போது முழு லோடு. காலி வண்டிக்குக் கோணத்தைச் சரிசெய்து ஆப்பு வைத்தால் லோடு ஏறியதும் கோணம் எதிர்ப்பக்கம் கெடும். அப்போது ஷாஃப்ட் முழு முறுக்கையும் தாங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தக் கெடுதல் இப்போது இருப்பதைவிட மோசமானது. அதனால் இந்த வண்டிக்கு ஆப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெயின் கட்டுக்குள் கூடுதல் பட்டை வைப்பதற்குப் பதிலாக, மேலே தனியாக நிற்கும் ஹெல்பர் பட்டை போடலாமா என்று நாமக்கல் நண்பரே சொல்லட்டும்.

நாமக்கல் பட்டை வேலை

நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆசிரியரே. ஹெல்பர் பட்டை காலி வண்டியில் எதையும் தொடாது. லோடு ஏறிச் சட்டம் இறங்கிய பிறகுதான் அதன் முனைகள் திண்டில் உட்கார்ந்து பாரத்தை வாங்கும். மெயின் கட்டு பழைய கணக்கிலும் பழைய வளைவிலும் இருந்தால் காலி வண்டியின் உயரமும் கம்பெனி வைத்த உயரத்துக்கே வந்துவிடும். களத்துக்காரர் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்: எந்தப் பட்டை போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை கூடிவிடாது. அச்சும் பிரேக்கும் அந்த எடைக்குத்தான் செய்யப்பட்டவை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் ஏறுகிறது.

மேட்டுப்பாளையம் காய்கறி வண்டி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் பிக்கப்பில் வேகத்தோடு சம்பந்தமில்லாமல், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் பின்னால் "கிறீச்" என்கிறது. இதுவும் ஷாஃப்டாக இருக்குமா?

பவானி பட்டறை

இருக்காது. ஸ்பிரிங் மேலும் கீழும் அசையும்போது மட்டும் வருவது, பட்டையின் நுனிகளைச் சட்டத்தோடு இணைக்கும் இடத்தில் உள்ள பட்டைக்கண் புஷ் அல்லது ஷாக்கிள் புஷ். ரப்பர் தேய்ந்து, அதன் உள்ளே இருக்கும் பின் (pin) இரும்போடு உரசுகிறதா என்று பாருங்கள். "கிறீச்" போய்க் "கடக்" என்று மாறினால் தாமதிக்காமல், பட்டைக்கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டையும் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டையும் பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே இடம் நகர்ந்துவிடும். மலைச் சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆபத்து.

காங்கயம் களத்துக்காரர்

முடிந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நடு கிராஸ், சென்டர் பேரிங் இரண்டையும் மாற்றி, ஷாஃப்டைப் பேலன்ஸ் பார்த்து, கோடு போட்ட இடத்திலேயே பூட்டினோம். வண்டியை எடுக்கும்போது விழுந்த "டொக்" அன்றைக்கே போய்விட்டது. "கூம்" பெரும்பகுதி அடங்கினாலும், காலியாக 50-ஐத் தொடும்போது கியர் ராடில் மெல்லிய துடிப்பு மிச்சம் இருந்தது. பிறகு கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, பழைய வளைவுக்கே கொண்டுவந்து, மேலே ஹெல்பர் பட்டை போட்டோம். அந்தத் துடிப்பும் இப்போது இல்லை. வெள்ளகோவில் சாலையில் காலி வண்டியை 40-லிருந்து 70 வரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். டயர் சத்தம்தான் கேட்கிறது. கிரவுன் பினியனைத் தொடவே இல்லை. ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணன்மார்களுக்கும் மனமார்ந்த நன்றி. இனிமேல் எதை, எப்போது கவனித்துக்கொள்ள வேண்டும்?

பவானி பட்டறை

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது தம்பி. புதுக் கிராஸில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். நாலு கப்பின் விளிம்பிலும் பழைய கிரீஸ் பிதுங்கிப் புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் மட்டும் பிதுங்காவிட்டால் அந்த வழி அடைத்திருக்கிறது; உங்கள் பழைய கிராஸில் ஒரு கப் மட்டும் காய்ந்துபோனது அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய வாய்க்கால் தடத்தில் தோப்புக்குள் போய் வந்த பிறகு சர்வீஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அப்போதே ஒருமுறை அடித்துவிடுங்கள்.

பட்டையைக் கழற்றிப் பூட்டியிருப்பதால் யு போல்ட் நட்டுகளை முதல் சில லோடுகளுக்குப் பிறகு, கம்பெனி சொன்ன முறுக்கு அளவில் மறுபடியும் இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்ததும் போல்ட் தளர்ந்துவிடும். இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.